எஸ்ஜிபிடி: நாற்பது என்ற எண்ணின் கதை

போன மாசம் ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் ரெண்டு இட்லி சாப்பிட்டு சீட்டுக்குப் போய்விட்டேன். சாயந்திரம் பிடிஎஃப் வந்தது. பதினோரு பக்கம். சர்க்கரை பரவாயில்லை, ட்ரைகிளிசரைட் கொஞ்சம் கூட, வைட்டமின் டி வழக்கம்போல பாதாளத்தில். லிவர் பக்கத்தில் எஸ்ஜிபிடி 44. பக்கத்திலேயே "50 வரை நார்மல்" என்று போட்டு பச்சை நிறம்.

பச்சை என்றால் யாரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் போகவில்லை. காரணம் என் அப்பா.

அப்பா 2013-ல் சிரோசிஸில் இறந்தார், கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். சர்க்கரை இருந்தது, கொஞ்சம் தொப்பை இருந்தது, அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரப் பெரியவர் ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து, "வெளியூர் கேம்ப் போற உத்தியோகம், நமக்கென்ன தெரியும்" என்று இன்னொருத்தரிடம் சொன்னார். அது உள்ளே இருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. பத்து வருஷம் தாண்டியும் அம்மா அதை மறக்கவில்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனபோது அப்பாவின் ரிப்போர்ட்டுகள் இருந்த மஞ்சப்பையைப் பரணிலிருந்து இறக்கினேன். அதில் லிவர் டெஸ்ட் இரண்டு இருந்தது. 2004-ல் எஸ்ஜிபிடி 58. அதைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். 2008-ல் 34. எல்லை 40 என்பதால் நார்மல். அப்பாவே தன் கையெழுத்தில் ஓரத்தில் ஒரு டிக் போட்டு வைத்திருந்தார். அந்த டிக் போட்ட ஐந்தாவது வருஷம் அவர் இல்லை.

அப்பாவுக்கு எல்லை 40. எனக்கு 50. இந்த எண்களை யார் வைத்தார்கள்? எப்போது, எதைப் பார்த்து? மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பிஈ படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு எண்ணின் வரலாறாகப் படிக்கவும்.

புறாவில் ஆரம்பம்

கதை கல்லீரலில் தொடங்கவில்லை. 1937-ல் மாஸ்கோவில், புறாவின் நெஞ்சுத் தசையில் தொடங்குகிறது.

அலெக்சாண்டர் பிரான்ஸ்டைன், மரியா கிரிட்ஸ்மன் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் புறாத் தசையை அரைத்து அதில் அமினோ அமிலங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு அமினோ அமிலத்திலிருந்து அமினோ குழு கழன்று வேறொரு மூலக்கூறில் போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் அமோனியாவாக வெளியே வரவில்லை, நேராகக் கைமாறியது. நம் ஊர் சீட்டுப் பணம் மாதிரி: பணம் பேங்குக்குப் போகாமலே ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போகிறது. இதைச் செய்துவைக்கும் தரகர்தான் ட்ரான்ஸ்அமினேஸ் என்ற நொதி.

சாப்பிடுகிற புரதத்தை உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள இந்தக் கைமாற்று அவசியம். அதனால் இந்த நொதிகள் உடம்பின் பல இடங்களில் செல்லுக்குள்ளே உட்கார்ந்திருக்கின்றன. செல்லுக்கு உள்ளே என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரத்தத்தில் இருந்தால் எங்கேயோ செல் உடைந்து கசிகிறது என்று அர்த்தம். செல்கள் தினமும் செத்துப் பிறப்பதால் கொஞ்சம் கசிவு எல்லோருக்கும் உண்டு.

இதயத்துக்காக வந்த டெஸ்ட்

அடுத்த காட்சி 1954, நியூயார்க். ஸ்லோன் கெட்டரிங், மெமோரியல் சென்டர். அது ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஜான் லாட்யூ, ஃபீலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்களோடு ஆர்தர் கார்மன் என்ற இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். மனித ரத்தத்தின் சீரத்தில் இந்த ட்ரான்ஸ்அமினேஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியுமா என்பது கேள்வி.

கார்மன் கண்டுபிடித்த வழி இன்று படித்தாலும் அழகாக இருக்கிறது. நொதியை நேரடியாகப் பார்க்க முடியாது, அது செய்கிற வேலையைத்தான் பார்க்க முடியும். முதல் வினையில் உண்டாகிற பொருளை இன்னொரு நொதி உடனே எடுத்து இரண்டாவது வினையில் செலவழிக்கிற மாதிரி கோத்துவிட்டார். அந்த இரண்டாவது வினையில் என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு தீர்ந்துகொண்டே வரும். என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும், அது மாறிய வடிவம் உறிஞ்சாது. இதை ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் முன்னாடியே காட்டியிருந்தார். ஆக, 340-ல் ஒளி உறிஞ்சப்படுவது எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அவ்வளவு நொதி ரத்தத்தில் இருக்கிறது. எழுபது வருஷம் ஆகிவிட்டது. இன்று நம் தெருமுனை லேபின் ஆட்டோமேட்டிக் மெஷினுக்குள்ளும் பெரும்பாலும் இதே தந்திரம்தான் ஓடுகிறது.

இதை வைத்து அவர்கள் முதலில் பார்த்தது கல்லீரலை அல்ல, மாரடைப்பை. இதயத் தசையில் இந்த நொதி நிறைய உண்டு. மாரடைப்பில் தசை சாகிறபோது ஒரு நாளுக்குள் சீரத்தில் ஏறுகிறது, சில நாளில் இறங்கிவிடுகிறது. 1954-ல் சயன்ஸ் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரைதான் ரத்தத்தில் நொதியை அளந்து மாரடைப்பைச் சொல்கிற காலத்தைத் தொடங்கிவைத்தது. அந்த நொதிதான் எஸ்ஜிஓடி. முன்னால் இருக்கிற எஸ், சீரம்.

நம் ரிப்போர்ட்டில் "லிவர்" என்ற தலைப்பின் கீழ் வருகிற எஸ்ஜிஓடி, புற்றுநோய் நிலையத்தில் இதயத்துக்காகப் பிறந்த டெஸ்ட். இதயத்துக்கு அப்புறம் சிகே-எம்பி, ட்ரோபோனின் என்று துல்லியமான டெஸ்டுகள் வந்து இதன் வேலையைப் பறித்துக்கொண்டன. இது கல்லீரல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பழைய குணம் மட்டும் போகவில்லை. எங்கள் டீமில் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை ஹாஃப் மாரத்தான் ஓடிவிட்டு திங்கள் காலை ரத்தம் கொடுத்தான். எஸ்ஜிஓடி நூறைத் தாண்டிவிட்டது. பயந்துபோய்விட்டான். டாக்டர் பத்து நாள் ஓடாமல் இருந்துவிட்டுத் திரும்பக் கொடுக்கச் சொன்னார், 27 வந்தது. அது தொடைத் தசையிலிருந்து வந்த நொதி. மெஷினுக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது.

கல்லீரல் உள்ளே வருகிறது

கல்லீரல் பாதிக்கப்பட்டாலும் இந்த நொதி ஏறுகிறது என்று அதே குழு சீக்கிரமே கவனித்தது. 1956-ல் ரோப்லெவ்ஸ்கியும் லாட்யூவும் இதன் தம்பியான எஸ்ஜிபிடியை எழுதினார்கள். இது மற்ற உறுப்புகளை விடக் கல்லீரலில்தான் அதிகம். அதனால் கசிவு எங்கே என்று சொல்வதில் அண்ணனை விடத் தம்பிக்கு நம்பகத்தன்மை அதிகம்.

அதே ஆண்டுகளில் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஃபெர்னாண்டோ டி ரிட்டிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் வைரஸ் மஞ்சள் காமாலையில் இந்த நொதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் மஞ்சளாவதற்கு முன்பே நொதி ஏறிவிடுகிறது. அதோடு, அண்ணனை விடத் தம்பி அதிகமாக ஏறுகிறது. எஸ்ஜிஓடியை எஸ்ஜிபிடியால் வகுத்து வருகிற எண்ணை இன்றும் டி ரிட்டிஸ் விகிதம் என்றுதான் சொல்கிறார்கள். குடியால் வந்த பாதிப்பில் இந்த விகிதம் தலைகீழாகி இரண்டைத் தாண்டும் என்பது பின்னால் தெரிந்தது. இந்த விகிதத்தை ஞாபகத்தில் வையுங்கள், அப்பாவின் ரிப்போர்ட்டில் திரும்ப வரும்.

ஆக ஐம்பதுகளின் நடுவில் டெஸ்ட் தயார். ஆனால் புற ஊதா ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் எத்தனை ஆஸ்பத்திரியில் இருக்கும்? 1957-ல் ரைட்மன், ஃபிராங்கல் என்ற இருவர் அதற்கு வழி செய்தார்கள். ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, காரத்தை ஊற்றினால் பழுப்பு நிறம் வரும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நொதி. சாதாரண கலரிமீட்டர் இருந்தால் போதும். நம் ஊர்ச் சின்ன லேபுகள் பலவற்றில் ரொம்ப காலம் ஓடியது இந்த முறைதான்.

அதே 1957-ல் இன்னொன்று நடந்தது. லெனர்ட் ஸ்கெக்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்த ஆட்டோ அனலைசரை டெக்னிகான் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரத்த மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் ஓட, நடுவில் காற்றுக் குமிழி ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கும். அறுபதுகளில் அதே மாதிரி மெஷின்கள் ஒரே ரத்தத்தில் பன்னிரண்டு டெஸ்ட் செய்தன.

என் பார்வையில் இங்கேதான் பெரிய மாற்றம். அதுவரை டாக்டர் நோயாளியைப் பார்ப்பார், சந்தேகம் வரும், அதைத் தீர்க்க ஒரு டெஸ்ட் எழுதுவார். அதாவது கேள்வி முதலில், எண் அப்புறம். மெஷின் வந்த பிறகு யாரும் கேட்காத கேள்விகளுக்கும் பதில் வர ஆரம்பித்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆளுக்கு "உன் எஸ்ஜிபிடி கொஞ்சம் கூட" என்று சொல்கிற நிலைமை வரலாற்றில் அதற்கு முன்னால் பெரிதாக இருந்ததே இல்லை. என் பதினோரு பக்க பிடிஎஃப் அந்த மெஷினின் பேரன்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக்கு "லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்" என்று தலைப்பு. இந்த இரண்டு நொதிகளுக்கும் ஃபங்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை. கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்வது ஆல்புமின், பிலிரூபின், ரத்தம் உறையும் நேரம் போன்றவை. நொதிகள் சொல்வது இப்போது கசிகிறதா என்பதை மட்டும்தான். சர்வர் லாகில் எரர் வரவில்லை என்றால் சர்வர் நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, சர்வரே நின்றுபோயிருந்தாலும் எரர் வராது. இந்த ஒரு வித்தியாசம் எனக்கு 2008-ல் தெரிந்திருந்தால் என்று பல முறை நினைத்துவிட்டேன்.

நாற்பது எங்கிருந்து வந்தது

சரி, எல்லைக்கு வருவோம். கார்மன் ஆரம்பத்தில் அளந்தது தன் முறைக்கேயான யூனிட்டில். சர்வதேச நொதிக் கமிஷன் 1961-ல் தன் அறிக்கையைக் கொடுத்து, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றுகிற அளவை ஒரு யூனிட் என்று பொதுவாக்கியது. எஸ்ஜிபிடியின் முறையான பெயர் ஏஎல்டி என்றும், எஸ்ஜிஓடியின் பெயர் ஏஎஸ்டி என்றும் மாறியதும் அந்தப் பெயர்ச் சீர்திருத்தத்தின் வழியில்தான். நம் லேபுகள் இன்னும் பழைய பெயரையும் சேர்த்தே அச்சடிக்கின்றன.

ஒரு கார்மன் யூனிட் என்பது சர்வதேச யூனிட்டில் ஏறக்குறைய பாதி. பழைய புத்தகத்தில் 40 என்று இருப்பதும் இன்றைய ரிப்போர்ட்டில் 40 என்று இருப்பதும் ஒன்றல்ல. போதாததற்கு, வினையை 25 டிகிரியில் நடத்தினால் ஒரு எண், 37-ல் நடத்தினால் வேறு எண். வைட்டமின் பி6-ன் ஒரு வடிவத்தைச் சேர்த்து அளந்தால் இன்னொரு எண். அப்பாவுக்கு 40-ம் எனக்கு 50-ம் இருந்ததில் பாதி மர்மம் இதிலேயே தீர்ந்துவிட்டது. லேபுக்கு லேப் எல்லை மாறுவதில் மோசடி ஒன்றும் இல்லை.

மீதிப் பாதிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

எல்லை என்பது எப்படி வருகிறது? ஆரோக்கியமான ஆட்கள் என்று ஒரு கூட்டத்தை எடுத்து அளப்பார்கள். நடுவில் வருகிற 95 சதவீதத்தை நார்மல் என்று வைப்பார்கள். அதாவது, முழு ஆரோக்கியமான நாற்பது பேரில் ஒருத்தர் கணக்கின்படியே மேல் எல்லையைத் தாண்டித்தான் இருப்பார். இருபது தனித்தனி டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. பின்லாந்தின் ரால்ஃப் கிரேஸ்பெக்கும் அவருடைய சகா சாரிஸும் 1969-ல், "நார்மல்" என்ற சொல்லே தப்பு, "ஒப்பீட்டு அளவு" என்று சொல்லுங்கள் என்றார்கள். லேப் ரிப்போர்ட்டின் தலைப்பில் அது மாறியது. டாக்டர் வாயிலும் நம் வாயிலும் மாறவில்லை.

அது கூடப் பரவாயில்லை. அந்த "ஆரோக்கியமான" கூட்டம் யார்? பெரும்பாலும் ரத்ததானம் செய்ய வந்தவர்கள். நல்ல தேர்வுதான், நோயாளி யாரும் ரத்தம் கொடுக்க வரமாட்டார். ஆனால் இரண்டு விஷயம் அப்போது யாருக்கும் தெரியாது.

ஒன்று, ஹெபடைடிஸ் சி. எழுபதுகளில், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஒரு கல்லீரல் அழற்சி வருவதை ஹார்வி ஆல்டர் போன்றவர்கள் அமெரிக்காவில் காட்டினார்கள். வைரஸ் எது என்று தெரியாது. அதனால் 1986-87 வாக்கில் அமெரிக்க ரத்த வங்கிகள் எஸ்ஜிபிடி அதிகமாக இருந்த ரத்தத்தை ஒதுக்கிவைத்தன. திருடன் முகம் தெரியாதபோது செருப்புத் தடத்தை வைத்துப் பிடிக்கிற கதை. 1989-ல் மைக்கேல் ஹாட்டனின் குழு வைரஸைக் கண்டுபிடித்தது. 2020-ல் ஆல்டர், ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. இந்த வைரஸ் வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் உள்ளே இருக்கும். அதற்கு டெஸ்ட் வருவதற்கு முன்னால் எல்லை வகுத்தபோது, இதைச் சுமந்தவர்களும் "ஆரோக்கியமானவர்கள்" வரிசையில் நின்றிருப்பார்கள்.

இரண்டாவது, கொழுப்புக் கல்லீரல். 1980-ல் மேயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக்கும் சகாக்களும் இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கல்லீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெருங்குடிகாரரின் கல்லீரல் மாதிரியே இருக்கிறது. ஆனால் அவர்களிடம் குடிப்பழக்கம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு உடல் எடை அதிகம், சிலருக்குச் சர்க்கரை. இதற்கு அதுவரை பெயரே இல்லை என்று சொல்லி நாஷ் என்று பெயர் வைத்தார்கள், ஆல்கஹால் சாராத கொழுப்பு அழற்சி. அதற்கு முன்னால் இப்படி ஒருத்தர் வந்து "நான் குடிக்கறதில்லை டாக்டர்" என்று சொன்னால், நம்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எங்கள் வீட்டுத் திண்ணையில் 2013-லும் நம்பவில்லை.

இந்த இரண்டையும் வடிகட்டிவிட்டு எல்லையைத் திரும்பக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று 2002-ல் இத்தாலியின் மிலன் நகரில் டானியேலே பிராட்டியின் குழு பார்த்தது. முதல் முறை ரத்தம் கொடுக்க வந்த 6835 பேரின் விவரங்களை எடுத்து, அதில் எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரியாக இருக்கிறவர்களை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். ஆண்களுக்கு 40 ஆக இருந்த எல்லை 30 ஆனது. பெண்களுக்கு 30 ஆக இருந்தது 19 ஆனது.

இதைப் படித்தபோது எனக்கு வேலையில் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு சிஸ்டத்துக்கு மெமரி அலாரம் வைக்க, ஆறு மாத டேட்டாவை எடுத்து சராசரி பார்த்து எல்லை வைத்தோம். அலாரம் ஒரு தடவை கூட அடிக்கவில்லை. ஒரு நாள் சிஸ்டம் விழுந்தது. நாங்கள் டேட்டா எடுத்த அந்த ஆறு மாதமும் மெமரி கசிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கசிவைச் சேர்த்தே நார்மல் என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

2004-ல் கொரியாவிலிருந்து வந்த ஒரு ஆய்வு இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. 1 லட்சத்து 42 ஆயிரம் பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 40-க்குக் கீழே, அதாவது நார்மலுக்குள்ளேயே, இருபதுகளில் இருந்தவர்களை விட முப்பதுகளில் இருந்தவர்கள் கல்லீரல் நோயால் இறந்தது அதிகம். நாற்பதில் சுவர் எதுவும் இல்லை. சரிவுப் பாதையில் ஒரு இடத்தில் யாரோ கோடு கிழித்திருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா லேபும் 30 என்று மாற்றிவிடலாமே? அதற்கும் எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கோட்டைக் கீழே இறக்கினால் கோடிக்கணக்கான பேர் ஒரே ராத்திரியில் நோயாளி ஆகிவிடுவார்கள். ஸ்கேன், செலவு, பயம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இன்னும் பல லேபுகளில் 40, 45, 50 என்றே ஓடுகிறது. அமெரிக்க இரைப்பை-குடலியல் மருத்துவர் சங்கம் 2017-ல் ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 வரை என்று எழுதிவிட்டது. என் 44 ஒரு கோட்டின்படி பச்சை, இன்னொரு கோட்டின்படி சிவப்பு.

குறைந்த எண்

இப்போது மஞ்சப்பைக்குத் திரும்புகிறேன்.

2004: அப்பாவுக்கு வயது 55. எஸ்ஜிஓடி 44, எஸ்ஜிபிடி 58, பிளேட்லெட் 1.88 லட்சம்.
2008: வயது 59. எஸ்ஜிஓடி 39, எஸ்ஜிபிடி 34, பிளேட்லெட் 1.32 லட்சம்.

2004-ல் வட்டம் போட்டதைப் பார்த்து அப்பா பயந்துதான் போனார். வடையை விட்டார், கறியைக் குறைத்தார், காலையில் ஏரிக்கரை வரை நடந்தார். 2008-ல் எண் இறங்கியதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் போனில் "சூப்பர்ப்பா" என்றேன்.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு கதை தெரிகிறது. 2004-ல் தம்பி அதிகம், அண்ணன் குறைவு. 2008-ல் அண்ணன் தம்பியைத் தாண்டிவிட்டான். குடிக்காதவருக்கு இந்த விகிதம் ஒன்றைத் தாண்டினால், கல்லீரலில் தழும்பு முற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தழும்பு முற்ற முற்ற, கசிவதற்கான செல்களே குறைந்துபோகும். எண் இறங்கும். தீ அணைந்ததாலும் புகை குறையும், எரிவதற்கு விறகு தீர்ந்துபோனாலும் புகை குறையும்.

அப்புறம் பிளேட்லெட். கல்லீரல் இறுகினால் அதற்குள் போகிற ரத்தத்துக்கு வழி அடைபடும். பின்னால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2008-ல் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அதனால் பிளேட்லெட் குறைந்ததைக் காய்ச்சல் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணக்கு இருக்கிறது, ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் போட வேண்டும். 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே என்றால் உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து போன் கால்குலேட்டரில் போட்டேன். 2004-ல் 1.69. நார்மல் என்று டிக் போட்ட 2008-ல் 2.99.

காய்ச்சல் சமயத்து பிளேட்லெட் இந்தக் கணக்கைக் கெடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. ஃபிப்-4 வந்ததே 2006-ல், அதுவும் ஹெச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக. கொழுப்புக் கல்லீரலுக்கு இது பொருந்துமா என்று சோதித்தது அதற்கு அப்புறம்தான். 2008-ல் எங்கள் ஊரில் இதை யாரும் போட்டிருக்க வழியில்லை. ஆனால் வேண்டிய நாலு எண்ணும் அந்தத் தாளிலேயே இருந்தன. தனித்தனியாக, தனித்தனிக் கோட்டுக்குப் பக்கத்தில்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். புறா, நியூயார்க் எல்லாம் இல்லை. லுட்விக்கின் இருபது பேரைப் பற்றிச் சொன்னேன். குடிக்காமலேயே குடிகாரர் கல்லீரல் மாதிரி ஆகும், சர்க்கரைக்காரங்களுக்கு அதிகம், அதற்கு 1980-லேயே பெயர் வைத்துவிட்டார்கள், 2023-ல் அந்தப் பெயரில் இருந்த "ஆல்கஹால் சாராத" என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டு வளர்சிதை மாற்றக் கோளாறால் வருவது என்று மாற்றிவிட்டார்கள் என்றேன். நோயாளிகளைக் கூசவைக்கிற சொல் வேண்டாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பெரியவர் போய் மூணு வருஷம் ஆச்சு. இனி யார்கிட்டப் போய் சொல்றது" என்றாள். பிறகு அவளே, "சரி, நீ எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேனில் முதல் நிலை கொழுப்பு. என் ஃபிப்-4, 0.88. பயப்பட ஒன்றுமில்லை, எடையில் ஏழு கிலோ குறையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். ராத்திரி பரோட்டா நின்றுவிட்டது, ஆபீஸில் நாலு மாடியும் படிதான். வீட்டில் எல்லோருடைய பழைய ரிப்போர்ட்டையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிவிட்டேன், வருஷ வாரியாக, லேப் பெயரோடு. பச்சை சிவப்பு நிறம் எதுவும் போடவில்லை. முதல் வரி அப்பாவுடையது.